80 லட்சத்துக்கு மூன்று போர்ஷன் வீடு, வாடகையை நம்பி வாங்கலாமா?

அன்னூர்மண் எழுதியது:

வணக்கமுங்க. பத்து நாளாக இதே யோசனையாகவே இருக்கிறது, வாடகைக்கு வீடு விட்டு அனுபவப்பட்டவர்கள் யாராவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எனக்கு 41 வயது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன், பிடித்தம் போகக் கைக்கு 48,000 வருகிறது. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள், அந்த வருமானம் மகளின் ஸ்கூல் ஃபீஸுக்குச் சரியாகப் போய்விடும். அன்னூர்ப் பக்கம் அப்பாவுக்கு இருந்த பூமியை ஐப்பசியில் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கி, எங்கள் பக்கமெல்லாம் இனிக் குளம் நிரம்பும் என்று பேச்சு வந்த நேரத்தில் விற்கிறோமே என்று அப்பாவுக்கு மனசே ஆகவில்லை. ஆனால் பண்ணையம் பார்க்க ஆள் கிடைப்பதில்லை, அவருக்கும் முழங்கால் போய்விட்டது. தங்கச்சி பங்கு போக என் கையில் 40 லட்சம் இருக்கிறது. பூமியை விற்ற பணம் செலவாகக் கூடாது, இன்னொரு மண்ணாகத்தான் மாற வேண்டும் என்பது அப்பாவின் ஒரே வார்த்தை.

ஒரு புரோக்கர் சரவணம்பட்டி தாண்டிக் கீரணத்தம் போகும் வழியில் ஒரு வீடு காட்டினார். 4 சென்ட் இடம், கட்டி 9 வருடம். கீழே இரண்டு பெட்ரூம் வீடு, மேலே சின்னதாக இரண்டு போர்ஷன். கீழே 12,000, மேலே 8,000, 7,000, ஆக மாதம் 27,000 வாடகை வருகிறது. விலை 80 லட்சம், பேசினால் கொஞ்சம் குறையலாம். நான் 38 லட்சம் போட்டு 50 லட்சம் லோன் எடுத்தால் பத்திரச் செலவோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

அவர் சொல்வது மூன்று விஷயம். வாடகையே தவணையைக் கட்டிவிடும், ஐடி கம்பெனிகள் இருக்கும் பக்கம் என்பதால் வீடு ஒரு நாள் கூடக் காலியாக இருக்காது, 5 வருடத்தில் விலை இரண்டு மடங்கு ஆகும். இதையெல்லாம் கேட்டபோது, 50 வயதில் வேலையை விட்டுவிட்டு வாடகையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நானும் நினைத்துவிட்டேன். இரவு படுத்தால் ஏதோ உறுத்துகிறது. என்ன எதிர்பார்ப்பது நியாயம், எது பேராசை என்று பிரித்துச் சொல்லுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

அண்ணா, நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், உங்கள் எண்களை அப்படியே எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

50 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 43,400 வரும். வாடகை 27,000. "வாடகையே தவணையைக் கட்டும்" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் தவறாமல் 5 சதவீதம் வாடகை ஏற்றினால் கூட அது இந்தத் தவணையைத் தொட ஏறக்குறைய 10 வருடம் ஆகும், அதற்குள் உங்களுக்கு 51 வயது.

அதோடு 27,000 என்பது முழுசாகக் கைக்கு வரும் பணமும் இல்லை. வருடத்துக்கு 3,24,000. மூன்று போர்ஷனையும் சேர்த்து வருடத்தில் ஒரு மாத வாடகை காலியில் போகும் என்று வையுங்கள், 27,000 போச்சு. சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து ஒரு 9,000. மாடிப்படி லைட், மோட்டார் கரண்ட் 4,000. புது ஆள் வைக்கும்போது புரோக்கருக்கு 5,000. பெயின்ட், பிளம்பர், மோட்டார் காயில், செப்டிக் டேங்க் லாரி, இதெல்லாம் ஒரு வருடம் ஒன்றும் இருக்காது, அடுத்த வருடம் மொத்தமாக வந்து நிற்கும், சராசரியாக 24,000. கழித்தால் மிச்சம் 2,55,000.

இப்போது நீங்கள் போடும் மொத்தப் பணத்தைப் பாருங்கள். பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 80 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அதுவே 7,20,000. புரோக்கருக்கு 1 சதவீதம். ஆக 88 லட்சம். 88 லட்சத்துக்கு 2,55,000 என்றால் 2.9 சதவீதம். எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி 2.9 சதவீதம் சம்பாதிக்கும் வேலை இது. உங்கள் 38 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டு வைத்தால் வருடம் 2,47,000 வரும், அதாவது கடனே இல்லாமல், செப்டிக் டேங்க் லாரியும் இல்லாமல், கிட்டத்தட்ட இதே பணம். வங்கியில் போட்ட முதல் வளராது, மண் வளரும், அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வாடகை வருமானம் ஆகாது, வேறு கணக்கு.

முதல் வருடம் தவணையாக 5,20,000 கட்டுவீர்கள், அதில் 4,20,000 வட்டி, அசலில் குறைவது ஒரு லட்சம்தான். வாடகை மிச்சத்தைக் கழித்தால் சம்பளத்தில் இருந்து மாதம் 22,000 எடுத்துப் போட வேண்டும். 48,000 சம்பளத்தில் 22,000, கையிருப்போ வெறும் 2 லட்சம். எனக்குப் பயமாக இருப்பது இந்த இடம்தான். வீடு நல்ல வீடாகவே இருக்கலாம், அந்த இரண்டு லட்சம்தான் போதாது. கம்பெனியில் மூன்று மாதம் வேலை குறைந்தால், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், அடுத்த நாளே நகைக் கடன்.

வரி பற்றி ஒரு வார்த்தை. வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று சட்டமே கழித்துக் கொடுக்கிறது, அதற்கு நீங்கள் பில் காட்ட வேண்டாம். வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் வட்டி வாடகையை விட அதிகமாகி நஷ்டம் வந்தால், பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரைதான் சம்பளத்தோடு ஈடு கட்ட முடியும், புதிய வரி முறையில் அதுவும் முடியாது. "லோன் போட்டால் டாக்ஸ் மிச்சம்" என்று யாராவது சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள்.

5 வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடம் 15 சதவீதம் ஏறியாக வேண்டும், 5 வருடமும் நிற்காமல். சில வீதிகளில் நடந்திருக்கிறது. நடக்காத வீதிகளைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை.

லைன்வீடு திருப்பூர் எழுதியது:

தம்பி, நான் 2006ல் இருந்து வாடகைக்கு விடுகிறேன். அவிநாசி ரோட்டுக்கு உள்ளே 12 லைன் வீடு, எல்லாம் ஒரு ரூம், ஒரு சமையலறை, பாத்ரூம் பொது. எங்கள் அப்பாரு காலத்தில் வாடகையைக் குடக்கூலி என்பார்கள். "குடக்கூலி வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு வெயில் படாத சோறு" என்று ஊரில் பேச்சு உண்டு. வெயில் படாது, சரிதான், ஆனால் தூக்கம் கெடும்.

மேலே அந்தத் தம்பி வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று சராசரி போட்டார். கணக்குக்கு அது சரி. உண்மையில் காலி அப்படிப் பிரித்துப் பிரித்து வராது. நாலு வருடம் வராது, அப்புறம் மொத்தமாக வரும். என் லைனில் மூன்று தடவை இப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் மாசுபடுகிற வழக்கில் ஹைகோர்ட் உத்தரவு போட்டுச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினார்கள். என் லைனில் சாயப்பட்டறை ஆள் நாலு பேர்தான், ஆனால் சாயம் இல்லை என்றால் துணி இல்லை, துணி இல்லை என்றால் கட்டிங் இல்லை, டெய்லர் இல்லை, செக்கிங் இல்லை. இரண்டு மாதத்தில் எட்டு வீடு காலி. மதுரை, தேனிப் பக்கம் இருந்து வந்த குடும்பங்கள் பாத்திரத்தை எல்லாம் மினி டோரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு அம்மா முக்கால் மாத வாடகையைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினது. அந்தக் காசை வாங்கின கை இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. நதி அந்த நிலைமையில் இருந்தது, உத்தரவு வந்தது நியாயம், அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. வீடு காலியானதும் உண்மை.

2020ல் ஊரடங்கு. அப்போது என் லைனில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார்ப் பையன்கள். ரயில் விட்டதும் போய்விட்டார்கள். இரண்டு மாத வாடகையை நான் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. மூன்றாவது தடவை 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டபோது. அப்போது மொத்தமாகக் காலியாகவில்லை, ஆனால் ஓவர்டைம் நின்றது, தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன நாலு பேர் திரும்பவில்லை, மிச்சம் இருந்தவர்களிடம் அந்த வருடம் நான் வாடகை ஏற்றவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டுக்கு யார் வாடகை தருகிறார்கள் என்று பார்த்தீர்களா? குடியிருப்பவர்தான் கையில் கொடுப்பார், ஆனால் அவருக்குக் கொடுப்பது ஒரு தொழில். என் வீட்டுக்குப் பனியன் வாடகை கொடுக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு ஐடி வாடகை கொடுக்கிறது. 2020, 21ல் எல்லோரும் வீட்டில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபோது சரவணம்பட்டிப் பக்கம் டு லெட் போர்டு எத்தனை தொங்கியது என்று அந்தத் தெரு மளிகைக் கடையில் போய்க் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். இதில் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது. உங்கள் சம்பளம் பம்ப், வாடகை ஐடி, இரண்டும் ஒரே நாளில் படுக்காது. என் மச்சானுக்கு டெய்லரிங் யூனிட், லைன் வீடு, இரண்டுமே பனியனை நம்பி. 2011ல் இரண்டும் சேர்ந்து விழுந்தன.

லைன் வீடு மாதம் 4,000 என்றாலும் போட்ட பணத்துக்கு வரவு அதிகம் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். அதிகம்தான், ஐந்து ஆறு சதவீதம் வரை வரும். ஆனால் அது வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போவதில்லை, தண்ணீர் வரும் நாளில் யார் எத்தனை குடம் என்று பஞ்சாயத்து, பாத்ரூம் அடைப்பு, இராத்திரி பத்தரைக்கு மெயின் ட்ரிப். வரவு கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் என் கூலி, வீட்டின் வருமானம் இல்லை. கணபதியில் ஷிஃப்ட் முடித்து வந்து இதைச் செய்ய உங்களால் ஆகுமா என்று யோசியுங்கள்.

50 லட்சம் கடன் வேண்டாம் தம்பி. என் மூன்று தடவையையும் நான் தாண்டினதற்கு ஒரே காரணம், அந்த 12 வீட்டின் மேல் ஒரு ரூபாய் கடன் இல்லை.

பெருந்துறை அம்மணி எழுதியது:

இரண்டு அண்ணன்களும் பணத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். பெருந்துறையில் மெடிக்கல் காலேஜ் பக்கம் எங்களுக்கு நாலு போர்ஷன், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் எட்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன்.

முதலில் மாதக் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆவணி வரைக்கும் போர்டு தொங்கும், நீங்கள் ஆயிரம் குறைத்தாலும் வர மாட்டார்கள். அதனால் நான் எப்போதும் ஒப்பந்தத்தைச் சித்திரை, வைகாசியில் முடிகிற மாதிரி எழுதுவேன், பள்ளிக்கூட லீவு நேரம், குடும்பங்கள் வீடு மாறும் நேரம்.

இரண்டாவது, அட்வான்ஸ். 2017ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல் இருந்து நடைமுறையில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து நம்பர் வாங்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். 11 மாதம் என்று பத்திரத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வதே போதும் என்று இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், பிரச்சினை வந்தால் அந்தத் தாளுக்கு மரியாதை இல்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் காலி செய்யக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அந்த வழிக்கு முதலில் பதிந்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. முதல் வருடம் எனக்கு இது புரியவில்லை. நாலு போர்ஷன் அட்வான்ஸையும் சீட்டுப் பணத்தோடு சேர்த்து மாடிக்குக் கூலிங் டைல்ஸ் ஒட்டிவிட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு பேர் காலி செய்தார்கள், ஒரு குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க என் வளையலை அடகு வைத்தேன். அதில் இருந்து அட்வான்ஸ் தனிக் கணக்கில்தான் இருக்கும், தொட மாட்டேன்.

கரண்டுக்கு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். தனி சர்வீஸ் இருந்தால் குடியிருப்பவருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் நேரடியாகக் கிடைக்கும், பில்லையும் அவரே தன் போனில் கட்டிவிடுவார். ஒரே சர்வீஸில் சப் மீட்டர் வைத்து நீங்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்தால், மூன்று வீடும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சண்டை வரும். தண்ணீரும் அப்படித்தான். கோயம்புத்தூரில் சிறுவாணியா, பில்லூரா, வெறும் போர்த் தண்ணீரா என்பதுதான் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி. உப்புத் தண்ணீர் மட்டும் என்றால் ஐடிப் பையன்கள் வருவார்கள், குடும்பம் வராது. பையன்கள் வந்தால் வருடத்துக்கு ஒரு தடவை மாறுவார்கள், ஒவ்வொரு தடவையும் வெள்ளை அடிக்க வேண்டும்.

என் நாலு போர்ஷனில் ஒன்றில் ஒரு நர்ஸம்மா ஆறு வருடமாக இருக்கிறது. பக்கத்து வீட்டை விட 1,500 குறைவாகத்தான் தருகிறது. போன வருடம் என் மாமியார் விழுந்தபோது இராத்திரி ஒரு மணிக்கு வந்து பார்த்ததும் அதுதான். அந்த வீட்டுக்கு ஆறு வருடத்தில் ஒரு நாள் காலி இல்லை, ஒரு பிளம்பர் பில்லை என்னிடம் காட்டாமல் விட்டதில்லை, தேவையில்லாமல் ஒன்றும் கேட்டதும் இல்லை. நல்ல குடித்தனம் கிடைத்தால் ஆயிரம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, வருடத்தில் அந்த 12,000 ஒரு மாதக் காலி, வெள்ளை அடிப்பு, புரோக்கர் காசு எல்லாம் சேர்ந்ததை விடப் பெரிசு இல்லை.

அன்னூர்மண் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. 22,000 கணக்கை மனைவியிடம் காட்டினேன், அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். இந்த வீடு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். ஆனால் பணத்தை வங்கியில் போடுகிறேன் என்றால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். நாங்கள் இருக்கும் வீடு கணபதியில் 5 சென்ட், தரைத் தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. கடனே இல்லாமல் மேலே ஒரு போர்ஷன் எடுத்தால் என்ன என்று மனைவி கேட்கிறாள். அது சரியாக வருமா?

கொத்துக்கரண்டி எழுதியது:

நான் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், துடியலூர். உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. ஏன் என்றால், வாடகை தருவது கட்டடம், விலை ஏறுவது மண். கீரணத்தம் வீட்டில் 4 சென்ட், அந்தப் பக்கம் சென்ட் 12 லட்சம் என்று பிடித்தால் 48 லட்சம் மண்ணுக்கே போகிறது, அந்த 48 லட்சம் ஒரு ரூபாய் கூட வாடகை சம்பாதிக்காது. அதனால்தான் எந்த ரெடி வீட்டை வாங்கினாலும் வரவு மூன்று சதவீதத்தில் நிற்கிறது. கணபதியில் மண்ணுக்கு ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது.

850 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால் 21,25,000. கணபதியில் இரண்டு பெட்ரூமுக்கு 11,000 வரும் என்று வையுங்கள், செலவு போக வருடம் 1,10,000. ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. கடன் இல்லை, பத்திரச் செலவு இல்லை, கையில் 18 லட்சம் மிச்சம்.

ஆனால் முதலில் அடித்தளம். வீடு எப்போது கட்டினது? தூண் போட்டுக் கட்டினதா, செங்கல் சுவரின் மேலேயே தளம் போட்டதா? மொட்டை மாடியில் தூண் கம்பி மேலே நீட்டி விட்டிருக்கிறார்களா, விட்டிருந்தால் 20 வருட மழையில் துரு ஏறிப் பாதியாகி இருக்கிறதா? இதை என்னை மாதிரி மேஸ்திரியிடம் கேட்காதீர்கள், கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து ஒரு மூலையில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவைப் பார்த்து யாரும் தயங்கக் கூடாது, கீழே குடியிருக்கப் போவது உங்கள் குடும்பம். சுவர் தாங்காது என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

அனுமதி இப்போது சுலபம். 2,500 சதுர அடிக்குள் இருக்கும் இடத்தில் 3,500 சதுர அடி வரை தரையும் முதல் தளமும் கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே கிடைக்கும், 2024 ஜூலையில் கொண்டு வந்தார்கள். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி, நீங்கள் அதற்குள் வருவீர்கள். படியை வெளியே எடுங்கள், குடியிருப்பவர் உங்கள் வாசல் வழியாக ஏறக் கூடாது. செப்டிக் டேங்க் ஒரு வீட்டுக்குப் போட்டதா இரண்டு வீட்டுக்குத் தாங்குமா என்று பாருங்கள். இரண்டு பைக், ஒரு கார் நிறுத்த இடம் விடுங்கள், இல்லை என்றால் வாடகையில் 2,000 குறையும்.

வரவுசெலவு எழுதியது:

அண்ணா, இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 11,000 வாடகையில் யாரும் 50 வயதில் வேலையை விட முடியாது. இது ஓய்வுக்கான பணம் இல்லை, மகள் காலேஜ் போகும்போது ஒரு செமஸ்டர் ஃபீஸ், அவ்வளவு. மிச்சம் 18 லட்சத்தில் 6 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள், கட்டும்போது 21 லட்சம் 24 ஆவது எல்லா வீட்டிலும் நடக்கும்.

அன்னூர்மண் எழுதியது:

வீடு 2004ல் தூண் போட்டுக் கட்டினது, நாலு மூலையிலும் கம்பி நீட்டி விட்டிருக்கிறது, அப்பாதான் அப்போதே மேலே ஒன்று எடுப்போம் என்று விடச் சொன்னாராம். இன்று காலையில் அவர் முழங்கால் வலியோடு மாடி ஏறி ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தார். இரண்டு தூணில் துரு அதிகம். புதன்கிழமை இன்ஜினியர் வருகிறார், புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் 78க்கு முடித்துத் தருகிறேன் என்று மறுபடியும் கூப்பிடுகிறார்.

பெருந்துறை அம்மணி எழுதியது:

துருப் பிடித்த இரண்டு தூணுக்கும் இன்ஜினியர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுங்கள் அண்ணா. மாசியில் வேலை தொடங்கினால் ஆடி பிறக்கும்போது முடிகிற மாதிரி இருக்கும், அவசரப்பட்டு ஆட்களை விரட்ட வேண்டாம், தளம் நன்றாகக் காயட்டும், ஆவணியில் போர்டு மாட்டினால் போதும்.